அமெரிக்க சீட்டில் உட்கார்ந்த நெல் மூட்டை

நெல் மூட்டை புது மாப்பிள்ளையைப் போலச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

அது உட்கார்ந்திருந்தது ஓர் அமெரிக்கக் காரின் முன்சீட்டில். சிவப்பு ரெக்சின், ஓரத்தில் வெள்ளைத் தையல். சீட் ஒரு பலகைக் கட்டிலின் மேல் இருந்தது. கட்டில், எலப்புள்ளிக்குக் கிழக்கே வயல் நடுவில் இருந்த என் அக்கா வீட்டின் உள்ளறையில். ஓட்டுக் கண்ணாடி வழியாக இறங்கிய மத்தியான வெயில் மூட்டையின் வயிற்றில் சதுரமாகக் கிடந்தது. சூடான கிரீஸ் வாசம் அறை முழுக்க.

ஏறச் சொன்னோம், ஏறிவிட்டது. இறங்கச் சொன்னால் இறங்கவில்லை.

ஆறுச்சாமி மச்சான் கட்டிலுக்கு அடியில் புகுந்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நான் கார் பேட்டரிக்கு முன்னால் குந்தியிருந்தேன். சுவரோரம் பாயில் அக்கா மல்லாந்து படுத்திருந்தாள். முதுகெலும்பில் அடிபட்டவள். கழுத்தை மட்டும் திருப்ப முடியும். வேடிக்கை பார்க்க அது போதுமாக இருந்தது அவளுக்கு.

“ஏனுங்க, வந்த ஒறம்பரைக்கு ஒரு டம்ளர் காப்பி குடுக்க மாட்டீங்களா? எத்தன நேரம் சும்மா உக்கார வெச்சிருப்பீங்க?”

“சித்த பேசாம இரு மயிலு” என்றது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

“அது எறங்கலீன்னா நான் எங்க படுக்கறது? அதும்பட மடியிலயா?”

எனக்கு ஐ.டி.ஐ.யில் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. பேட்டரியில் ஓடும் மோட்டாருக்குக் கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். அந்தத் தைரியத்தில் பேட்டரிக் கம்பிகளை இடம் மாற்றி வைத்துப் பட்டனை அழுத்தினேன். மோட்டார் அதே குரலில் முனகி, மூட்டையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார வைத்தது. வாய்க்கட்டு நெகிழ்ந்து நெல் சரசரவென்று தரையில் கொட்டியது.

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்தால் அவளுக்கு வலிக்கும். பாதியில் நிறுத்திக்கொண்டு, முகட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

“நாளைக்குப் பொழுதோட அய்யன் வண்டியக் கட்டிக்கிட்டு வந்துருவாரு.”

கட்டிலுக்கு வெளியே தெரிந்த கால்கள் அசைவதை நிறுத்தின.

அய்யன் என்றால் எங்கள் அப்பா. நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அக்காவை வேலந்தாவளத்துப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, அவள் பிறந்த வீட்டுக்கு, அழைத்துப்போக அவர் வருகிறார். அக்காவுக்குப் போக இஷ்டமில்லை. கட்டில் சொன்னபடி ஏறி இறங்கினால் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்ல அவளுக்கு ஒரு பிடி கிடைக்கும். இல்லையென்றால் அதுவும் இல்லை.

முதலாளி உயர்ந்தபோது

இந்தத் தொடர் ஆரம்பித்தபோது, மீசை கறுக்காத பையனுக்கு நினைவுக் குறிப்பு எதற்கு என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். எனக்கு முந்தியவர்கள் எல்லோரும் மண்வெட்டி பிடித்தவர்கள். பார்த்ததை எழுதிவைக்க ஒரு ஆள் வந்துவிட்ட பிறகு, அவன் கிழவனாகட்டும் என்று காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த சீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பெரிய நிலக்காரர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் முதலாளி. கோயமுத்தூரில் யாரோ மில்காரர் ஓட்டித் தீர்த்த ஓர் அமெரிக்கக் காரை வாங்கி வந்தார். படகு மாதிரி நீளம். எங்கள் வயல் வரப்புச் சாலைகளில் ஒரு திருப்பத்தைத் திரும்ப அது இரண்டு தடவை பின்னால் போக வேண்டும். அதை ஓட்டியவர் மச்சான்.

அந்தக் காரின் முன்சீட் மின்சாரத்தில் நகரும். பக்கவாட்டில் ஒரு குமிழ். ஒரு பக்கம் தள்ளினால் சீட் முன்னால் போகும், இன்னொரு பக்கம் தள்ளினால் பின்னால் வரும். மேலேயும் போகும், கீழேயும் வரும். நோம்பி நாட்களில் கோயிலுக்கு வந்த சனம் சாமி கும்பிட்ட கையோடு வந்து இந்த சீட்டைப் பார்த்துவிட்டுப் போகும்.

பின்சீட் சாதாரண சீட். ஆகவே முதலாளி டிரைவருக்குப் பக்கத்தில் முன்சீட்டில்தான் உட்காருவார். வழியில் யாராவது வண்டியருகே வந்து பேசினால் குமிழைத் தள்ளித் தன்னைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வார். ஆனால் அது பெஞ்சு மாதிரி ஒரே சீட். அவர் உயர்ந்தால் டிரைவரும் கூடவே உயர்வார்.

மச்சான் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது முகம் விரிந்துவிடும்.

“அவரு ஒசந்தா நானும் ஒசருவேன், எறங்குனா நானும் எறங்குவேன். அதுக்கு மட்டும் அவரால ஒண்ணும் பண்ண முடியல.”

பிறகு நிலச்சட்டம் வந்தது. குத்தகைக்கு விட்ட நிலமெல்லாம் உழுதவர்களுக்குப் போனது. பெரிய வீட்டில் கார் நின்றது நின்றபடி நின்றது. அதன் மேல் கோழி முட்டையிட்டது. மச்சான் லாரி ஓட்டப் போனார். கிளம்பும்போது அந்தக் காரைக் கேட்டார். எடுத்துக்கொண்டு போ என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அறுவடை முடிந்த வயல் வழியாக, அறுப்பு ஆட்களே தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மச்சான் உள்ளே. எனக்கு அப்போது விடுமுறை, அக்கா வீட்டில் இருந்தேன். மாட்டுக் கொட்டகையின் ஒரு பக்கச் சுவரை இடித்து அதை உள்ளே விட்டார்கள். மாடுகள் வெளியே புளியமரத்தடிக்கு வந்தன. அக்காவுக்கும் மச்சானுக்கும் அன்றைக்கு ஆரம்பித்த சண்டை அது.

கெடக்குட்டு

அந்தக் காலத்தில் வெளிநாட்டு வண்டிக்கு உதிரிபாகம் கண்ணில் காணக் கிடைக்காது. என்றாவது ஒருநாள் அந்தக் காரை ஓட்டியே தீருவேன் என்று மச்சானுக்கு ஒரு வைராக்கியம். ஆகவே எது கிடைத்தாலும் கொண்டு வந்தார்.

லாரி கோயமுத்தூர் போனால் பழைய இரும்புக் கடைகளுக்குப் போகாமல் திரும்பமாட்டார். வைப்பர் மோட்டார், டைனமோ, உடைந்த மீட்டர், கதவுக் கைப்பிடி, ஹாரன், ஹாரன் பட்டன், ரிலே. அந்தக் காருக்குப் பொருந்துமா என்று பார்ப்பதில்லை. லாரியுடையது, ஜீப்புடையது, எதுவானாலும் சரி. பல்புகளை உடையாமல் உமிக்குள் புதைத்து வைப்பார். நட்டுகள் மண்ணெண்ணெய் டின்னில். சின்னச் சாமான்கள் தேங்காய்த் தொட்டிகளில், வரிசை வரிசையாக, சாமிக்குப் படைத்த மாதிரி. அவருக்குப் படிப்பில்லை. எது எந்த வண்டியுடையது என்று தெரிய துணிக் கிழிசல்களைக் கட்டி வைத்திருப்பார். அக்காவின் பழைய சேலைகள் எல்லாம் அங்கேதான் போயின.

இது எதற்கு என்று கேட்டால் ஒரே பதில்தான். “கெடக்குட்டு.”

பக்கத்துத் தோட்டத்துக்காரர் பம்புசெட்டுக்கு ஒரு போல்ட் கேட்டு வந்தால் இல்லை என்று சொல்லிவிடுவார். அவர் போன பிறகு உள்ளே போய் அந்த போல்ட் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்.

“இவுரு கழட்டிக் கொண்டாராத சாமான் நான் ஒருத்திதான்” என்பாள் அக்கா. “என்னயத் தாலி கட்டிக் கூட்டியாந்தாரு. இல்லீன்னா எங்காலுலயும் ஒரு துணி கட்டியிருப்பாரு.”

கஞ்சிக்கோட்டில் ஒரு பட்டறையில் எனக்கு எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தபோது அவர்கள் வீட்டில்தான் தங்கினேன். இருவரும் இப்படியே பேசிக்கொண்டிருப்பார்கள். குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டு நான் கேட்டதில்லை. மற்றவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன்.

விடியற்காலைப் பால்

மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு விடியற்காலை. அக்கா பால் கறக்கப் போனாள். மழைக்காக எருமையை அன்று கொட்டகையின் ஓரத்தில் கட்டியிருந்தார்கள். வழியில் ஒரு லாரி ஸ்பிரிங் பட்டா, கனத்த இரும்புப் பட்டை, கிடந்தது. முந்தின நாள் மச்சான் கொண்டுவந்து போட்டது. கால் தடுக்கி, இன்னொரு பட்டாவின் மேலேயே மல்லாந்து விழுந்தாள்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்பில் விரிசல். பல வாரம் அசையாமல் படுக்க வேண்டும் என்றார்கள். படுத்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மச்சானின் கையைப் பிடித்து, “பதுக்கெ பதுக்கெ பொக்கியால் மதி” என்றார். தினம் கொஞ்சம், அதைவிட மறுநாள் கொஞ்சம், மெல்ல மெல்ல நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதுகு வளையக் கூடாது. கட்டை வண்டியில் குலுக்கிக்கொண்டு போவது நல்லதில்லை என்றும் சொன்னார்.

சொல்வது சுலபம். நானும் மச்சானின் ராமாத்தா அத்தையும் இரண்டு பக்கமும் பிடித்து அக்காவை நிமிர்த்திப் பார்த்தோம். அப்போது அவளிடமிருந்து வந்த சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதன் பிறகு யாரையும் தொட விடவில்லை. படுத்தபடியே கஞ்சி குடித்தாள். பாதி காதுக்குள் போனது. மச்சான்தான் ஊட்டினார். தலையும் வாரிவிட்டார், ஒரு பக்கமாக. ஆம்பிளை இதெல்லாம் செய்கிறானே என்று பக்கத்துத் தோட்டத்தில் பேசிச் சிரித்தார்கள்.

அய்யன் பார்க்க வந்தார். கொட்டகையில் அந்தப் பட்டா கிடந்த இடத்திலேயே கிடந்தது. மச்சானுக்கு அதைத் தொட மனம் வரவில்லை. அய்யன் அதைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் மருமகனோடு பேசுவதில்லை. என்னிடம்தான் சொன்னார்: வியாழக்கிழமை பொழுதோடு வண்டி கொண்டுவருகிறேன், உங்கம்மா பார்த்துக்கொள்வாள், வண்டி குலுங்காமல் நான் ஓட்டுவேன்.

அது அன்பில்லாமல் சொன்னது இல்லை. மகள் அங்கே வந்தால் எழுந்து நடப்பாள் என்று அவர் மனதார நம்பினார்.

ராமாத்தா அத்தை அன்றைக்கு மாலையே சமையலறையில் யாரிடமோ சொன்னாள். “புள்ளயும் இல்ல, இப்ப இடுப்பும் போச்சு. பொறந்த ஊட்டுக்குப் போனா எந்த மாசம் வருவாளோ. ஆம்பள எத்தன நாளைக்குத் தனியா சோறு பொங்குவான்? கொழிஞ்சாம்பாறையில ஒரு புள்ள இருக்குது, நம்ம சாதிசனந்தான்.”

சமையலறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். அக்கா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். என்னைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, “நான் போனா வரமாட்டேன் தம்பி. வர உடமாட்டாங்க” என்றாள். அழவில்லை. மழை வருமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

சீட்டைக் கழற்றிய நாள்

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில், கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும்பும் கட்டில் ஒன்று இருந்தது. அங்கே அக்காவுக்கு அது கிடைக்கவில்லை, வேறு யாரோ படுத்திருந்தார்கள். மச்சான் அதன் அடியில் குனிந்து குனிந்து பார்த்து நர்ஸிடம் திட்டு வாங்கியது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

அய்யன் வந்துபோன பிறகு மச்சான் இரண்டு நாள் லாரிக்குப் போகவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் காலையில் ஸ்பேனர் சத்தம் கேட்டு நான் கொட்டகைக்குப் போனேன். கதவைத் திறந்து வைத்து, டிரைவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்கின் மேல் ஒரு கை. பக்கத்தில் முதலாளி இடத்தில் மண்ணெண்ணெய்க் கிண்ணம்.

பிறகு இறங்கி, சீட்டின் போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றிய போல்ட்டை உடனே அதன் துளையிலேயே திரும்பப் பூட்டினார். சாமான் தொலையக் கூடாது, அது அவர் பழக்கம்.

நான் கேட்காமல் இருந்திருக்கலாம். “சீட்டு இல்லாம வண்டிய எப்பிடி மச்சான் ஓட்டறது?”

“மொதல்ல அவ உக்காரட்டும் சின்னச்சாமி.”

இருவரும் சீட்டை வெளியே தூக்கினோம். அவர் திரும்பிப் போய்க் காரின் கதவைச் சத்தம் வராமல் மூடிவிட்டு வந்தார்.

வேலை இவ்வளவுதான். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும் மோட்டாருக்கு ஒரு திருகுத் தண்டு உண்டு. சீட்டின் சாய்மானத்தைக் கட்டிலின் நடுவில் கீல் வைத்துப் பூட்டி, அதற்கு அடியில் ஓர் இரும்புக் கையை முடுக்கி, அந்தக் கையைத் தண்டோடு இணைத்தார். தண்டு முன்னால் வந்தால் சாய்மானம் எழும்ப வேண்டும். உடம்பை யாரும் இழுக்க வேண்டியதில்லை, வளைக்க வேண்டியதில்லை. பலகை மாதிரி முதுகு முழுசாக நிமிரும். நான் பேட்டரியை சைக்கிள் கேரியரில் கட்டிக் கஞ்சிக்கோட்டில் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்தேன். திராவகம் சிந்தி என் நல்ல சட்டையில் ஓட்டை விழுந்தது. பழைய குமிழ் வேலை செய்யவில்லை. முதலாளியின் பேரப்பிள்ளைகள் ஏற்றி இறக்கி விளையாடியே அதைக் கருக்கிவிட்டிருந்தார்கள். அதற்குப் பதில் ஒரு ஹாரன் பட்டனை வைத்தோம்.

புதன்கிழமை மத்தியானம் மூட்டையை ஏற்றி உட்கார வைத்தோம். அக்காவை வைத்துத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அவளே சொன்னாள், மூட்டைக்கு வலித்தால் சொல்லத் தெரியாதாம். மச்சான் ஒப்பவில்லை.

மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எலி தின்ற கம்பி

அக்கா அய்யன் பேரை எடுத்ததும் மச்சான் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். மூட்டையைக் கையாலேயே இறக்கினோம். மோட்டாரைக் கழற்றி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனோம். என் பாடப்புத்தகத்தை எடுத்து வந்து புரட்டினேன். நான் படித்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே இருந்தது. இன்னொரு வகை மோட்டார் உண்டு, அதற்குக் கம்பிகளை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும். எதிர்ப்பக்கம் சுற்ற உள்ளே தனியாக ஒரு சுருள் இருக்க வேண்டும்.

அப்படியென்றால் அந்தச் சுருளுக்கு ஒரு கம்பி வெளியே வர வேண்டும். நாங்கள் பார்த்தது ஒரே கம்பி. மச்சான் மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து, வருஷக்கணக்கான கிரீஸைத் துடைத்தார். நான் ஆணியால் சுரண்டினேன். அடியில், விரல் நகம் அளவுக்குச் செம்பு மின்னியது. கம்பியை எலி அடியோடு தின்றிருந்தது.

உள்ளே கேட்கும்படி மச்சான் சொன்னார். உள்ளேயிருந்து பதில் வந்தது.

“அந்த எலிக்குக் கொட்டாய் கட்டிக் குடுத்து வளத்தது ஆரு?”

செம்புத் துண்டில் புதுக் கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். இறங்குவதற்கு இன்னொரு ஹாரன் பட்டன் வேண்டும், நடுவில் ஒரு ரிலே வேண்டும். மச்சான் எழுந்து கொட்டகைக்குப் போனார். இதுவரை ஒரு போல்ட்கூட வெளியே விடாத மனுசன், தொட்டி தொட்டியாகக் கொண்டுவந்து என் முன்னால் வாசலில் கவிழ்த்தார். எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார். கறுப்புப் பட்டன் ஒன்று ஏறுவதற்கு. விரிசல் விட்ட வெள்ளைப் பட்டன் ஒன்று இறங்குவதற்கு.

மூட்டை ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. நம்பிக்கை வராமல் நாங்கள் ஏற்றி ஏற்றி இறக்கினோம்.

“போதுமுங்க, அதுக்குத் தல சுத்தும்” என்றாள் அக்கா.

அவளைப் பாயோடு சேர்த்துப் பலகையில் சறுக்கிக் கட்டிலுக்கு மாற்றினோம். பட்டன்களை அவள் கையில் கொடுத்தோம். மச்சான் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், மோட்டாருக்கு உதவி செய்வது போல. அவள் கறுப்புப் பட்டனை அழுத்தினாள். மோட்டார் முனகியது. தலை கொஞ்சம் எழும்பியது. இன்னும் கொஞ்சம்.

வலிக்கிறதா என்று மச்சான் கேட்டார். வாரக்கணக்காகக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இப்போது ஜன்னலுக்கு நேராக வந்திருந்தன. வெளியே பச்சை வயல், பனைமரம், பம்புசெட் கூரையில் காக்கை. நெடுநேரம் பார்த்தாள்.

“எருமைய ஆரு அங்க கொண்டுபோயிக் கட்டுனது? கவுறு கெணத்துமேட்டு வரைக்கும் எட்டுது பாருங்க.”

மச்சான் எழுந்து ஓடினார். எருமையை மாற்றிக் கட்டத்தான் ஓடினார் என்று அப்போது நினைத்தேன். வெகு நேரம் கழித்துத்தான் வந்தார், முகம் கழுவியிருந்தார்.

வியாழக்கிழமை

அய்யன் வண்டி கொண்டுவந்தார். வண்டியில் வைக்கோலை மெத்தையாகப் பரப்பி, மேலே அம்மா தைத்துக் கொடுத்த துணி மெத்தை. மச்சான் “வாங்க” என்றார். அய்யன் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே வந்தார்.

கட்டிலைப் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். கரண்ட் அடித்துவிடாதா என்று என்னிடம் கேட்டார். பேட்டரிக் கரண்ட் ஆளை ஒன்றும் செய்யாது என்று விளக்கினேன். நான் படித்ததைப் பற்றி எது சொன்னாலும் அய்யன் மரியாதையாகக் கேட்பார். அன்றும் கேட்டார். அக்கா பட்டனை அழுத்திக் கொஞ்சம் எழுந்து காட்டினாள். அவர் முகம் இளகியது. ஆனால் மனம் மாறவில்லை.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா மிசினு இன்னிக்கு ஓடும், நாளைக்கு நின்னுபோகும். மறுக்கா எலி கடிக்கும். உங்கம்மா கைய எந்த எலியும் கடிக்காது அம்மிணி. பொழுது சாயறதுக்குள்ள கெளம்பிக்கலாம்.”

காப்பி குடியுங்கள் என்றாள் அக்கா. குடித்தார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றார். ராமாத்தா அத்தை அக்காவின் சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமலேயே.

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் கதவோரம் நின்றிருந்தார். பெண் கொடுத்தவர் வந்து கேட்கும்போது முடியாது என்று சொல்கிற வாய் அவருக்கு இல்லை. அதுவும் விழ வைத்தது தன் இரும்புதான் என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு.

பலகையை எடுத்து வா என்று அய்யன் என்னிடம் சொன்னார்.

“தம்பி, மொதல்ல வெளக்க எடுத்து வெய்யி” என்றாள் அக்கா.

கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் விளக்கு மாடம் இருந்தது. படுத்திருப்பவளுக்கு எட்டாத உயரம். இத்தனை வாரமாக அத்தைதான் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் விளக்கைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டு மாடத்தில் வைத்தேன். தீப்பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அக்கா கறுப்புப் பட்டனை அழுத்தினாள்.

நேற்று நிறுத்திய இடத்தில் நிறுத்தவில்லை. அதைத் தாண்டியும் விரலை எடுக்கவில்லை. மேலுதட்டில் வேர்வை பூத்தது. நெஞ்சு மாடத்துக்கு நேராக வந்ததும் விரலை எடுத்தாள். முதல் குச்சி உடைந்தது. இரண்டாவதை உரசித் திரியில் வைத்தாள். ஜன்னல் வழியாகப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒன்று வீசி உள்ளே வந்தது, சுடர் படுத்தது. கதவோரம் நின்றிருந்த மச்சான் இரண்டே எட்டில் வந்து ஜன்னல் கதவைச் சாத்தினார்.

சுடர் நிமிர்ந்தது. அக்கா கைகூப்பினாள்.

அய்யன் வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தார். வாசலில் வெயில் இன்னும் மஞ்சளாகக் கிடந்தது.

“பொழுது பனமரத்துக்கு மேல நிக்குதே அம்மிணி.”

“நிக்கட்டுங்கய்யா. எங்கூட்ல வெளக்கு வெச்சாச்சு.”

விளக்கு வைத்த வீட்டிலிருந்து பெண்ணை அனுப்புவதில்லை. விடிந்தால் வெள்ளிக்கிழமை, அன்றைக்கும் அனுப்புவதில்லை. எங்கள் வீட்டில் இதை மீறி அய்யன் ஒரு காரியமும் செய்து நான் பார்த்ததில்லை. அது அக்காவுக்கும் தெரியும். சனிக்கிழமை என்ன செய்வார் என்பது யாருக்கும் தெரியாது.

அத்தையின் கையில் சேலை மூட்டை பாதி கட்டியபடி நின்றது.

அய்யன் மகளைப் பார்த்தபடி நின்றார். நிமிர்ந்த முதுகைப் பார்த்தார், வேர்வையைப் பார்த்தார். வெளியே போனார். பின்னாலேயே மச்சானும் போனார், அவர் பின்னால் நான். அய்யன் நுகத்தடியிலிருந்து ஒரு மாட்டை அவிழ்த்தார், பிறகு மற்றதை. இரண்டு கயிற்றையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் பட்டாவைப் பார்த்த நாளிலிருந்து தான் பேசாதிருந்த மருமகன் பக்கம் திரும்பினார்.

“வைக்கப்போரு எந்தப் பக்கமுங்க மாப்ள?”

மச்சான் கயிறுகளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.